மேலே எத்தனை பேர்

ஓய்வு பெற்ற மறு வாரமே மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் நடப்பதற்கு இடம் கிடையாது என்று இன்றும் நான் சாதிப்பேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தால் லாரி. ரயில் பாதை ஓரமாக நடந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். காலனிக்குள் நடக்கலாம் என்றால் நாய்கள். எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது. அவற்றில் ஐந்தின் குணம் எனக்குத் தெரியும். மீதி நான்கை நம்பி எப்படி நடப்பது? ஆகவே மலைக்குப் போனேன்.

மலை என்பது கொஞ்சம் அதிகப்படியான வார்த்தைதான். சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே கிடக்கும் கற்குன்று அது. நிஜமான மலையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். என்னைப் போல நின்று நின்று ஏறுகிறவனும் முக்கால் மணிக்குள் உச்சிக்குப் போய்விடலாம். ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். முதல் நாள் பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொண்டபோது, இங்கேயே விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கவலை வந்தது. மறு நாளிலிருந்து விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பாம்புக் கவலை, முட்டிக் கவலை, மழை பெய்தால் பாறை வழுக்கும் கவலை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இத்தனையையும் சுமந்துகொண்டு தினமும் ஏறினேன்.

ஏன் ஏறினேன் என்றால், மேலே காற்று நன்றாக இருந்தது. வழியெல்லாம் களாச்செடி. பழுத்த காலத்தில் பறித்துத் தின்றால் நாக்கு கறுத்துப்போகும். வீட்டுக்கு வந்தால் மனைவி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "அறுபது வயசுல இது தேவையா?" என்பாள். ஆள்காட்டிக் குருவி ஒன்று யார் ஏறி வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். உச்சியில் தட்டையான ஒரு பாறை. அதில் உட்கார்ந்தால் மேற்கே மின்சார ரயில் போவதும், வடக்கே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதும், தெற்கே வண்டலூர் மலையும் தெரியும். கிழக்கே ஏரிகள், ஏரிகளுக்கு நடுவே புது வீடுகள். முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களுடைய கணக்கில் பிழை தேடிச் சம்பளம் வாங்கினவன் நான். அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், கீழே நடக்கிற எதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும். அந்த நிம்மதியும் அதிக நேரம் நிற்காது. போன வாரத்தைவிட எத்தனை மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி கூடியிருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒவ்வொரு வாரமும் கூடித்தான் இருந்தது. இத்தனை தொட்டிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கவலையோடு இறங்குவேன்.

அந்த மலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான் போக ஆரம்பிப்பதற்கு முன்பு, உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம். அதிலிருந்து, இறங்குகிறவர் எதிரே ஏறுகிறவரைப் பார்த்தால் வணக்கம் சொல்லி, மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார். "வணக்கம் சார், மேல நாலு பேரு." அவ்வளவுதான். பெயர் கேட்பதில்லை, உத்தியோகம் கேட்பதில்லை. ஆண்கள் எல்லாரும் சார், பெண்கள் எல்லாரும் அக்கா. மேலே ஆள் இல்லை என்று தெரிந்தால் பெண்கள் அங்கேயே நின்று, துணைக்கு யாராவது வந்த பிறகு ஏறுவார்கள். புது ஆள் என்றால் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பாறை வழுக்கும், எங்கே முள் என்று.

எண்ணிக்கைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் ஒழுங்காக எண்ணுகிறவர்கள்தான் குறைவு. "ஒரு அஞ்சாறு பேரு கீறாங்க சார்" என்பார்கள். அஞ்சா, ஆறா என்று கேட்டால் முகம் மாறும்.

ஒரு தம்பதி வருவார்கள். இருவருக்கும் நாற்பதுக்குள்தான் இருக்கும். சண்டை போடுவதற்காகவே மலைக்கு வந்தார்கள். வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர், மாமியார் காது மிகவும் கூர்மை என்று அந்தப் பெண்ணே ஒரு நாள் சொன்னாள். மலையில் அவர்கள் குரல் நமக்கு முன்னால் வந்துவிடும். நம்மைப் பார்த்ததும் சட்டென்று நின்று, இருவரும் சேர்ந்து சிரித்து, "வணக்கம் சார்" என்பார்கள்.

"மேல மூணு பேர் சார்" என்பார் அவர்.

"நாலு" என்பாள் அவள். "பாறைக்குப் பின்னாடி ஒருத்தர் உக்காந்திருந்தாரே. உங்களுக்கு எதுதான் கண்ல பட்டிருக்கு?"

நாங்கள் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி சரிவில் இருப்பாள். அவளிடம் இருபத்துமூன்று ஆடுகள். எண்ணிவிட்டு, சரிதானே என்று கேட்டதற்கு என்னைத் திட்டினாள். "ஆட்ட எண்ணாத சார், கொறஞ்சிடும்" என்றாள். பிறகு, "டெய்லி ஏறுற, டெய்லி எறங்குற. மேல எதுனா வெச்சிட்டு வந்துட்டியா, தேடிகினே கீற?" என்று கேட்டாள்.

இவர்களை விட நான் அதிகம் பேசியது ஏரிக்கரைக்காரர் ஒருவரிடம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. செருப்பை அடிவாரத்தில் ஒரு நொச்சிப் புதருக்குள் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். செம்பாக்கம் ஏரிக்குக் கீழே அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. மனை மனையாக விற்று, ரோட்டோரமாக மாடி வீடு கட்டி, கீழே நான்கு கடை வைத்து, இரண்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள். மீதி இரண்டையும் மகன் பார்த்துக்கொண்டார். இவ்வளவும் அவரே சொன்னது. அவர் வீட்டையோ மகனையோ அதுவரை நான் பார்த்ததில்லை. மலைப் பழக்கம் அடிவாரத்தோடு முடிந்துவிடும்.

"நெலத்த வித்தவன் கீழருந்து பாக்கக் கூடாது சார். வவுறு எரியும்" என்பார். "மேலருந்து பாத்தா ஒண்ணியும் தெரியாது. அதோ பாரு, அந்தப் பச்ச பெயின்டு வூடு. எங்க அப்பா எருமை கட்டின எடம். இப்ப அங்க ஒரு இன்ஜினியர் தூங்கிகினு கீறாரு."

கிழக்கே தெளிவான நாளில் ஒரு வெள்ளைக்கோடு தெரியும். அது கடல் என்பார் அவர். பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கிய தண்ணீர் என்பேன் நான். இரண்டு வருடம் அதைப் பற்றி வாதாடினோம். ஒரு தடவை கடல் பக்கமாகக் கேளம்பாக்கம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து இந்த மலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். தெரியவில்லை. "நீ பாக்கத் தெரியாம பாத்திருப்ப சார்" என்றார். என் வாழ்க்கையில் நான் கோபமில்லாமல் தோற்ற வாதம் அது ஒன்றுதான்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் வரிசையாகப் பதினொரு பனைமரங்கள் இருந்தன. உட்கார்ந்ததும் அவற்றை எண்ணுவது எங்கள் இருவருக்கும் பழக்கம். ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால் ஏழுதான் இருந்தன. நடுவில் நான்கை வெட்டியிருந்தார்கள். பொக்கைவாய் போல இடைவெளி. எனக்கு மனசு கெட்டுப்போயிற்று. அவரே சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பதினொண்ணும் நல்லா நிக்குது பாரு சார்" என்றார்.

"எண்ணுங்க" என்றேன்.

விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே சீராக விரல் நகர்ந்தது. வெட்டவெளியில் நான்கு மரங்களை எண்ணிக்கொண்டு போய்ப் பதினொன்றில் நின்றது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் ஏரிக்கரைக்கு ரொம்ப மேலே, வெறும் வானத்தில் இருந்தன.

"நாலு மரத்த வெட்டிட்டாங்க சார்" என்றேன்.

விரல் மெதுவாக மடங்கியது. கீழே ஒரு ரயில் போய் முடிந்தது.

"எந்த நாலு?" என்று கேட்டார்.

"நடுவுல."

"உம்" என்றார். பிறகு தானே சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். முதலில் பக்கவாட்டில் போயிற்று. பிறகு நடுவிலும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடலாம் என்றார்களாம். விட்டும் நிற்கவில்லை. "வெளிச்சம் தெரியுது. ஆளுங்க நெழலு மாதிரி தெரியுது. மூஞ்சி தெரியல."

"வீட்ல?"

"சொல்லல."

"சொல்லாம எப்படி சார்? இந்தப் பாறையில நீங்க..."

"சொன்னா நாற்காலில உக்கார வெச்சிருவானுங்க" என்றார். "எங்கப்பாவுக்கும் இதே கேடுதான். கண்ணு போச்சு, நாற்காலில உக்கார வெச்சோம். நான்தான் உக்கார வெச்சேன், உழுந்துடுவாருன்னு. பதிமூணு வருசம் சார். சோறு, தண்ணி, எல்லாம் நேரத்துக்குக் குடுத்தோம். ஒரு நாளும் எதுக்கும் வாயத் தொறந்து கேக்கல அவரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு இந்த மலை ஒண்ணுதான். எது வரைக்கும் முடியுதோ அது வரைக்கும். நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

சொல்வதற்கு எனக்கு யாரையும் தெரியாது. அதை அவரிடம் சொன்னேன். அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் எப்படி ஏறினார் என்பதைப் பிறகு கவனித்துப் பார்த்தேன். கால்தான் கண். சிறுவயதில் மாடு ஓட்டிய வழி அது. வழவழப்பான பாறை முடிந்து சரளை ஆரம்பிக்கும் இடத்தில் பாதம் ஒரு கணம் நின்று, பிறகு தானாக இடது பக்கம் திரும்பும். "கீழ ரோடுதான் சார் பேஜாரு. இன்னிக்கு ஒரு பள்ளம், நாளைக்கு ஒரு மணல் குவியல். மலைய யாரு மாத்தப் போறா?" என்றார்.

மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். மலையின் கிழக்குச் சரிவில் கல் உடைத்தார்கள். மத்தியானங்களில் வேட்டு வைக்கும் சத்தம் எங்கள் வீட்டு ஜன்னல் வரை கேட்கும். நான் ஏற ஆரம்பித்த காலத்தில் பள்ளத்தின் விளிம்பு எங்கள் பாதையிலிருந்து ஒரு தெரு தூரத்தில் இருந்தது. அந்த மழைக்காலத்தில் ஒரு வீட்டு அகலம்தான் மிச்சம். பிறகு ஒரு காலை போனால், பாதை வளைகிற இடத்தில் வளைவே இல்லை. பாதி இடிந்து உள்ளே போயிருந்தது. ஆடுகள் அதற்குள் மேல்பக்கமாகப் புது வழி போட்டுவிட்டன. அவர் கால் அறிந்திருந்ததோ பழைய வழி.

சொன்னேன். நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்து, ஒரு கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்துப் போடச் சொன்னேன். போட்டார். விழுந்த சத்தம் வர நேரமாயிற்று. இரண்டு அடி பின்னால் வந்தார்.

அதிலிருந்து நான் முன்னால் நடந்தேன். என் குரல் போகும் பக்கம் அவர் வர வேண்டும் என்று ஏற்பாடு. பேச்சு நிற்கக் கூடாது. எனக்குப் பேச்சு வராது. என்ன பேசுவது? எண்ணினதையெல்லாம் சொன்னேன். கோவிலம்பாக்கம் பக்கம் எத்தனை புது வீடு, ரோட்டில் எத்தனை தண்ணீர் லாரி, எத்தனை பேர் மங்கி கேப் போட்டிருக்கிறார்கள்.

"சார், உன்ன நிறுத்த எங்கனா ஒரு பட்டன் கீதா?" என்று பின்னாலிருந்து கேட்பார்.

"நிறுத்தினா நீங்க பள்ளத்துல."

"அங்கயாவது அமைதியா இருக்கும்."

சண்டைத் தம்பதி எங்களைத் தாண்டும்போது, "பாருங்க, அவங்க எவ்ளோ ஒத்துமையா பேசிகிட்டு வராங்க" என்று அவள் கணவரிடம் சொன்னாள். நாங்கள் அடிவாரம் வரை சிரித்துக்கொண்டு போனோம்.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது. படுத்தால் அந்த விளிம்பு கண்ணில் வரும். அவர் விழுந்துவிட்டால் யாரிடம் போய் என்ன சொல்வது? எந்த வீடு என்று தேடுவது? மலைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். நான் போகாவிட்டாலும் அவர் போவார். ஆகவே காய்ச்சலோடும் போனேன். மலையில் எனக்கு இருந்த சந்தோஷம் அந்த மாதங்களில் போய்விட்டது. அவருக்கு இருந்தது மட்டும் கூடிக்கொண்டே போன மாதிரி இருந்தது. உச்சியில் உட்கார்ந்து முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இனி திறந்து ஆகப்போவதென்ன என்பது போல.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பனி மூட்டம். இறங்கிக்கொண்டிருந்தோம். விளிம்பைத் தாண்டி, ஆபத்தில்லாத பகுதிக்கு வந்துவிட்டோம். என் காலில் முள் ஏறிவிட்டது. "நீங்க போய்க்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பிடுங்கினேன். நிமிர்ந்தபோது அவர் நாற்பதடி கீழே இருந்தார். அவருக்கு எதிரே, பாதை ஓரத்துப் பாறையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பளபளக்கும் ஷூ. மடியில் ஹெல்மெட். மலைக்கு வருகிற ஆளாகத் தெரியவில்லை.

ஏரிக்கரைக்காரர் நிழலைக் கண்டு நின்றார். "வணக்கம் சார். மேல ரெண்டு பேரு கீறாங்க. தைரியமா போங்க."

அந்த ஆள் எழுந்து நின்றார்.

"புதுசா?" என்று சிரித்தார் இவர். "மூச்சு வாங்குது பாரு. மொதல்ல அப்டிதான் இருக்கும். மேல வளைவுல மட்டும் சோத்துக்கை பக்கம் போவாதீங்க, பள்ளம். எம்பையனும் உங்கள மாதிரிதான் சார். ஸ்கூட்டர உட்டு எறங்கமாட்டான். ஒரு நாள் வந்து ஏறிப் பாருடான்னா, கடைய யாரு பாக்கறதும்பான். நல்ல பையன்தான். ஒரே பயம் அவனுக்கு, எல்லாத்துக்கும். நீங்களாச்சும் வந்தீங்களே." அந்த ஆளின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஆளின் வாய் திறந்து மூடியது. பிறகு, தன்னைத் தாண்டிப் போய்விட்ட முதுகைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். நான் பக்கத்தில் வந்தபோதும் கை இறங்கவில்லை. அகலமான, முன்பக்கம் மடிந்த காதுகள். அந்தக் காதுகளை இரண்டு வருடமாகப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன். எனக்கு விளங்கிவிட்டது. மேலே இப்போது ஒருத்தர்தான், அப்பா சொன்ன ரெண்டு பேரில் ஒருவனான நான் இறங்கிவிட்டேன் என்று சொல்ல நினைத்து, சொல்லாமலே தாண்டி இறங்கினேன்.

அவர் எங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கினார். ஷூ வழுக்கி ஒரு தடவை கையை ஊன்றினார். ஏரிக்கரைக்காரர் திரும்பவில்லை. என் பேச்சு நின்றுவிட்டதைப் பற்றி மட்டும், "இன்னா சார், பேட்டரி தீந்துபோச்சா?" என்றார்.

அடிவாரத்தில் நொச்சிப் புதருக்குள் காலை விட்டுச் செருப்பைத் துழாவினார். ஒன்று அகப்பட்டது, ஒன்று அகப்படவில்லை. மகன் முன்னால் வந்து குனிந்து, இரண்டையும் எடுத்துக் காலடியில் நேராக வைத்தார். குனிந்தபோது அவர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. கடை ஷட்டர்களின் சாவிகள். வீட்டில் தினமும் கேட்கிற சத்தமாக இருந்திருக்க வேண்டும்.

செருப்பில் நுழைந்த கால் பாதியில் நின்றது.

"மேல நின்னுகினு இருந்தது நீயாடா?"

"ஆமாம்பா."

"நான் சார்னு கூப்ட்டேனா?"

"ஆமா."

புதரில் ஏதோ பறவை சலசலத்தது. அவர் இன்னொரு செருப்பையும் போட்டுக்கொண்டார்.

"உன்ன யாரு அனுப்சது?"

"அம்மா. நேத்து சாம்பார தட்டுக்கு வெளிய ஊத்திகினயாம். போய்ப் பாத்துட்டு வாடான்னிச்சு."

"வண்டி எடுத்தாந்துகிறியா?"

"அங்க நிக்குது."

"வா" என்றார். மகன் கையை நீட்டினார். அவர் அதைப் பிடிக்காமல் ஸ்கூட்டர் இருக்கும் பக்கத்தைக் கேட்டுக்கொண்டு தானே நடந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

மறு நாள் அவர் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. நான் ஏறினேன். பாறையில் தனியாக உட்கார்ந்தேன். பேசிப் பேசிப் பழகிவிட்ட வாய், இறங்கும்போது தானாக எண்ண ஆரம்பித்தது. ஆட்டுக்கார அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து மகன் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். என்னை ஒரு நாள் எங்கள் தெருவில் பார்த்திருந்த சண்டைத் தம்பதியைக் கேட்டு விலாசம் தெரிந்துகொண்டாராம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா கண்ணு விஷயம் உங்களுக்கு எப்பலேருந்து தெரியும் சார்?"

"மழைக்கு முன்னாடியிலிருந்து."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நாலு மாசம்."

"ஆமாம்."

"நீங்க படிச்சவரு."

"உங்க வீடு எதுன்னே எனக்குத் தெரியாதே" என்றேன்.

"தெரிஞ்சிக்க எவ்ளோ நேரம் சார் ஆவும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசிப்பவர் போலக் கேட்டார். அவர் அப்பாவின் விருப்பத்தைச் சொன்னேன். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். தாத்தாவின் நாற்காலி அவருக்கும் ஞாபகம் இருந்தது. "அந்தப் பள்ளத்த நானும் போய்ப் பாத்தேன் சார்" என்றார். "நீங்க என் எடத்துல இருந்தா உடுவீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். நாலு மாதமும் அதைத்தான் நினைத்துத் தூங்காமல் கிடந்தேன்.

அவர் வந்த காரியம் வேறு. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கையைப் பிடித்து மலைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியும் வரமாட்டேன் என்கிறார். நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

போனேன். மாடியில், ஃபேனுக்குக் கீழே, பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தத்துக்கே, "வா சார்" என்றார். மனைவி மோர் கொண்டுவந்து அவர் கையில் டம்ளரை வைத்து, விரல்களை அதைச் சுற்றி மடக்கிவிட்டுப் போனார். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார்.

"பையன் கூட்டிட்டுப் போறேங்கறாரே. போய்ட்டு வாங்களேன்."

"கையப் புடிச்சி ஏத்தி எறக்க நான் இன்னா உற்சவரா?"

"விளையாட்டு இல்ல சார்."

மோரை ஒரு வாய் குடித்தார். "ஒரு நாள் போனோம் சார், உனக்குத் தெரியாது. அவனும் சொல்லியிருக்க மாட்டான். மத்தியானமா, யாரும் இல்லாத நேரமாப் பாத்து. அவன் கை நடுங்குது. கல்லு ஒண்ணு உருண்டா என் கைய நெரிக்கிறான். அவன் பயம் அப்டியே எங்காலுக்கு வந்துடுது. கால் தடுமாறிடுச்சி சார். எனக்கு வழியே மறந்துபோச்சி." சற்று நிறுத்தி, "அவன குத்தம் சொல்லல. நான் எங்கப்பன் கையப் புடிச்சப்பவும் நடுங்கிச்சு" என்றார்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இறங்கி வரும்போது மகனிடம் வரமாட்டார் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் புரிந்துகொண்டார்.

மாசி பிறந்தபோது மகன் மொட்டைமாடியைத் துப்புரவாகக் கழுவி, வேண்டாத சாமான்களையெல்லாம் இறக்கி, நான்கு மூலையிலும் இரும்புக் குழாய் நட்டு, இடுப்பு உயரத்துக்குச் சுற்றிலும் நைலான் கயிறு கட்டினார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை சுற்று வேண்டுமானாலும் நடக்கலாம். விழ முடியாது. நல்ல ஏற்பாடு. நானே பாராட்டினேன். முதல் நாள் என்னையும் அழைத்திருந்தார்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் நாங்கள் இருவரும் நடந்தோம். அவர் இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால், நான் பின்னால். ஒரு மூலை, ஒரு திருப்பம். ஒரு மூலை, ஒரு திருப்பம். வெறுங்கால் சிமெண்டில் பட்டுப் பட்டு ஒரே மாதிரிச் சத்தம். எட்டாவது சுற்றில் நின்றார்.

"கயிறு தளர்வா இருக்கா?" என்று மகன் கேட்டார்.

"இல்லடா. நல்லாத்தான் கீது." ஒரு காலைத் தூக்கி, முன்னால் ஏதோ படி இருப்பது போல வைத்துப் பார்த்தார். பாதம் தரையிலேயே இறங்கியது. "எவ்ளோ நடந்தாலும் ஏத்தமே வரல சார்" என்றார் என்னிடம்.

மகன் மூலைக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சை அவிழ்த்து, முன்னைவிட இறுக்கமாக மறுபடியும் கட்டினார்.